சவுக்குத் தோப்புக்கு வேண்டிய மெமரி

காலை பதினொன்று இருபதுக்குக் கரண்ட் வந்தது.

வரதன் கம்ப்யூட்டரைப் போட்டான். மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. 2004 ஜூன். செங்கல்பட்டில் பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. வெயில் இன்னும் போகவில்லை.

ராட்டினக்கிணறு அருகே மாடியில் கடை. கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்பே திரையில் கட்டிக் காட்டுவது அவன் தொழில். இன்ஜினியர்கள் பிளான் கொடுப்பார்கள். அவன் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடித்து, வெயில் விழவைத்துத் தருவான். அவன் மனைவி மார்கரெட் பிரின்ட் எடுப்பாள், போனில் பேசுவாள், தாமதமானால் பார்ட்டிகளைச் சமாதானம் செய்வாள். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் கடை வைத்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாகத் தூங்கியதில்லை.

இப்போது கையில் இருந்தது ஜெயகிருஷ்ணனின் வேலை. திருக்கழுக்குன்றத்துக்காரர், பில்டர். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். அவர் படம் கேட்கவில்லை. நடக்க வேண்டும் என்றார். மௌஸைப் பிடித்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, கேட்டைத் தாண்டி, வில்லாக்களுக்குள் புகுந்து, கடல் தெரியும்வரை நடந்து போக வேண்டும். திங்கட்கிழமை வந்து பார்ப்பார். பிடித்தால் இந்த வேலையும் அடுத்து வரும் வேலைகளும் வரதனுக்கு. பிடிக்காவிட்டால் சென்னையில் ஆள் இருக்கிறது. வரதன் கடையை மூடிவிட்டு மறைமலைநகரில் ஏதாவது கம்பெனியில் படம் வரையப் போக வேண்டியதுதான்.

சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் வலப்பக்கம் அந்தோணியார் தெரு. மார்கரெட் பிறந்த தெரு. அவள் அம்மாவும் அண்ணனும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சர்வே வரைபடத்தில் தெரு இருந்ததால் வரதன் அதையும் கட்டியிருந்தான். தட்டைக் கூரை வீடுகள், ஓர் அடிபம்பு, தெரு முனையில் மாதா சிலை வைத்த குகை போன்ற கெபி.

போன வாரம் பாதி வேலையைப் பார்த்தபோது ஜெயகிருஷ்ணன் அங்கே விரலை வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கு வரதன்? மெட்ராஸ்லேருந்து காசு போட வர்றவன் கண்ணுல மொதல்ல இதுவா படணும்? ஒரு சவுக்குத் தோப்பு போட்டு மறைச்சிடுங்க. அடர்த்தியா."

வரதன் சரி என்றான். மார்கரெட் அன்றைக்குக் கடையில் இல்லை.

வீடு எளிது. ஆறு பக்கம், ஒரு நிறம். கம்ப்யூட்டர் அதைச் சுமப்பது தெரியாமல் சுமந்துவிடும். மரம் அப்படியில்லை. சவுக்கு இன்னும் மோசம். மயிர் போல ஊசி ஊசியாக இலை. தோப்பை நட்டதும் நடை தொங்கிவிட்டது. ஓர் அடி வைத்தால் திரை நின்றது. இன்னோர் அடி வைத்தால் கடலே காணாமல் போய்ச் சற்றுக் கழித்து வந்தது.

"இன்னாங்க, மறுபடியும் தொங்குதா?" என்றாள் மார்கரெட். பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"கிராபிக்ஸ் கார்டு தாங்கல. பழசு."

"முன்ன ஓடிகினுதானே இருந்துச்சு?"

"அப்ப வூடு மட்டுந்தான் இருந்துச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே தாமோதரன் கடைக்குப் போனான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து சரக்கு எடுத்து வந்து விற்பவன். கண்ணாடி அலமாரி முழுவதும் காலி அட்டைப்பெட்டிகள். உள்ளே இருந்தவை எப்போதோ விற்றுப்போயிருந்தன. செங்கல்பட்டில் எல்லாக் கம்ப்யூட்டர் கடையிலும் அப்படித்தான். வரதன் கடையிலும் இரண்டு பெட்டிகள் இருந்தன.

தாமோதரன் இரண்டு கார்டுகளை மேஜையில் வைத்தான்.

"ரெண்டும் ஒரே வெலைதான் அண்ணாத்த. இதுல மெமரி நூத்தியிருபத்தெட்டு எம்பி. இது எரநூத்தியம்பத்தாறு."

"சிப்பு?"

"அங்கதான் பேஜாரு. சின்னதுல சிப்பு ஜோரு. பெருசுல சிப்பு டொக்கு. கல்யாண சமையல் மாரி வச்சுக்க. இதுல சமையக்காரன் பறப்பான், ஆனா எடம் பத்தாது. நாலு அண்டாக்கு மேல வைக்க முடியாது. அதுல எடம் தாராளம். எத்தினி அண்டா வோணா எறக்கு. சமையக்காரன்தான் பீடி புடிச்சிகினு நிப்பான்."

"ரெண்டும் சேந்தாப்புல?"

"கீது. அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிக்கலாம். வண்டியாவது பெட்ரோல் போட்டா ஓடும்."

வரதன் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தான். எடை ஒன்றுபோலத்தான் இருந்தது.

"பார்ட்டி வந்து பாக்கறானா?" என்றான் தாமோதரன்.

"வராரு."

"அப்ப பெருச எடு. டப்பாவ முன்னால கண்ணாடில வை. எத்தினி எம்பின்னுதான் கேப்பானுங்க. சிப்ப எவன் கேக்கறான்? கல்யாணத்துல எத்தினி சவரன் போட்டாங்கன்னு கேக்கற மாரிதான், பொண்ணு எப்பிடின்னு எவனும் கேக்க மாட்டான்."

வரதனுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு தலைக்குள் ஓடியது. சின்ன கார்டு வாங்கினால் முழுத் தோப்பும் கொள்ளாது. ஒரு வரிசை மரம் நடலாம். நடை வேகமாக இருக்கும். மரங்களுக்கு நடுவே வீடுகள் தெரியும். ஜெயகிருஷ்ணனிடம், சார், இதுக்கு மேல கம்ப்யூட்டர் தாங்காது என்று சொல்லிவிடலாம். அவர் நம்பலாம். சென்னைக்கும் போகலாம். பெரிய கார்டு என்றால் தோப்பு முழுதாக நிற்கும். தொங்காது. தோப்பு அருகே நடை மட்டும் தளரும்.

தாமோதரன் கடை போனிலிருந்து மார்கரெட்டுக்குப் பேசினான். அவளுடைய சீட்டுப் பணத்தில்தான் வாங்குகிறார்கள். கேட்காமல் எடுப்பது சரியில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"தோப்ப நெருக்கமா போடவா, இல்ல ஒரு வரிச போடவா?"

"இத இன்னாத்துக்கு என்னைக் கேக்கறீங்க?"

"ஒரு வரிச போட்டா வூடு தெரியும்."

மறுமுனையில் பிரின்ட் எடுக்கும் பிளாட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அவரு இன்னா கேட்டாரு?"

"நெருக்கமா."

"அப்ப நெருக்கமா போடுங்க. படந்தானே. படத்துல மரம் நின்னா எங்கம்மா வூடு எங்க போயிடப் போவுது. வர்றப்ப பால் பாக்கெட் வாங்கினு வாங்க."

பெரியதை வாங்கினான்.

ஞாயிறு முழுவதும் தோப்பு நட்டான். அந்தோணியார் தெருவை முதலில் அழிக்கவில்லை. மரங்களுக்குப் பின்னால் அப்படியே விட்டிருந்தான். தெரியாததைச் சுமந்து என்ன ஆகப் போகிறது என்று மாலையில் தோன்றியது. ஒவ்வொரு வீடாகத் தேர்ந்து டெலீட் அடித்தான். அடிபம்பும் போயிற்று. கெபியிடம் வந்தபோது மார்கரெட் கோவிலுக்குப் போய்த் திரும்பி வந்து படியேறுவது கேட்டது. அதையும் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். தொங்கவில்லை. மரங்கள் பக்கத்தில் வரும்போது மட்டும், சோறு தின்ற ஆள் போல நடை கனத்தது. தாண்டியதும் சரியாகிவிட்டது.

கண் எரிந்தது. கீ-போர்டுமீதே தலையை வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஜெயகிருஷ்ணன் தனியாக வந்தார். கண்ணாடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் குனிந்து படித்தார்.

"எரநூத்தியம்பத்தாறா? பரவால்லையே."

நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவரும் களைத்திருந்தார். காலையிலிருந்து வங்கியில் இருந்ததாகச் சொன்னார். மார்கரெட் டீ வாங்கி வைத்தாள். வரதன் மௌஸை அவர் கையில் கொடுத்தான்.

சாலை வேகமாக ஓடி வந்தது. உள்ளே திரும்பினார். தோப்பு வந்தது. நடை தளர்ந்தது. வரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சின்ன கார்டாக இருந்தால் இந்த இடத்தைக் கண் இமைப்பதற்குள் தாண்டியிருப்பார். இப்போது மரம் மரமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். நிழல் தரையில் மெல்ல நகர்ந்தது. இடையில் வெயில் துண்டு துண்டாக விழுந்தது. வரதன் வைத்த வெயில்தான்.

கேட் வந்தது. ஜெயகிருஷ்ணன் உள்ளே போகவில்லை. திரும்பித் தோப்புக்கே வந்தார்.

"மெதுவா வருது சார், அது வந்து" என்று வரதன் ஆரம்பித்தான்.

"இருக்கட்டும். நல்லா இருக்கு. நெசமாவே நடக்கற மாதிரி இருக்கு."

மறுபடியும் ஒருமுறை நடந்தார். வில்லாக்களை அதன் பிறகுதான் பார்த்தார். கடலையும் பார்த்தார். தலையாட்டினார். டீயைக் குடித்தார். வேலை உங்களுக்குத்தான், அடுத்த பிளானை நாளைக்கு அனுப்புகிறேன் என்றார். வரதன் மூச்சு விட்டான். மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. படுக்க வேண்டும் போலிருந்தது.

செருப்பை மாட்டப் போனவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். கடலிலிருந்து திரும்பி வந்தவர் அதைத் தோப்பில்தான் நிறுத்தியிருந்தார்.

"வில்லாவ விட இதுதான் கண்ணுலயே நிக்குது. நான்கூட மறைக்கறதுக்குத்தான் சொன்னேன். இப்பப் பாத்தா இந்த எடமே நம்மளுதா இருந்தா என்னன்னு தோணுது. அங்க எத்தனை வீடு இருக்கும்?"

"இருபது இருக்கும் சார்," என்றாள் மார்கரெட். பிரின்ட்டை மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமல் சொன்னாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

வரதன் அவளைப் பார்த்தான். அவள் மடிப்பை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"எங்கம்மா வூடு அங்கதான்."

மின்விசிறி சுற்றியது. ஜெயகிருஷ்ணன் சங்கடப்படவில்லை. முகம் தெளிந்தது. செருப்பை விட்டுவிட்டு நாற்காலியை அவள் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. வெளியாள் போய்ப் பேசினா சரியா வராது. ஏம்மா, அங்க யார் சொன்னா எல்லாரும் கேப்பாங்க?"