மாப்பிள்ளையின் மூச்சு

தாடை உடைந்தால் குச்சி முறிகிற மாதிரி சத்தம் வரும் என்றுதான் சம்மட்டிக்காரன் நினைத்திருந்தான். அப்படி வரவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் தங்கை புருஷன் உடைமாற்றும் அறையின் இரும்பு அலமாரியில் மோதித் தரையில் சரிந்தான். ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்து விழுந்தது.

"இப்ப சொல்லு மாப்ள. பீடி தொடலன்னு இப்ப சொல்லு பார்ப்போம்!"

மாப்பிள்ளையால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினான். கிடுக்கிக்காரன் அவன் விலாவில் ஒன்று விட்டான். எண்ணெய்க்காரன் யாரும் உள்ளே வராமல் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

இந்த நாலு பேரும் ஒரே குழு. வண்டிகளுக்கான இரும்புப் பாகங்களை அடித்து உருவாக்குகிற பட்டறை அது. உலையில் இரும்புக் கட்டைகளைப் பழுக்கக் காய்ச்சுவது மாப்பிள்ளையின் வேலை. ஒரு கட்டையை நீளக் கிடுக்கியால் கவ்வி அச்சின்மேல் வைப்பான் கிடுக்கிக்காரன். ஒட்டாமலிருக்க அச்சில் எண்ணெய் தெளிப்பான் இன்னொருவன். சம்மட்டிக்காரன் காலால் மிதியை அமுக்கினால், யானைக் கனமுள்ள இரும்புத்தலை மேலேயிருந்து இறங்கி, கட்டையை மாவு பிசைந்தாற்போல அச்சுக்குள் பிதுக்கும். இதில் ஒருவன் தாமதித்தாலும் இரும்பு ஆறிவிடும். ஆறின இரும்பை அடித்தால் அச்சுதான் விரிசல் விடும். அதனால் நாலு பேரையும் சேர்த்தே வேலைக்கு எடுப்பார்கள், சேர்த்தே அனுப்புவார்கள்.

புகைக்கு எதிரான விதியையும் நிர்வாகம் அப்படியே குழுவோடு முடிச்சுப் போட்டது. பட்டறையில் மட்டுமல்ல, வீட்டில், தெருவில், கல்யாணப் பந்தலில், எங்கேயும் புகைக்கக் கூடாது. ஒருவன் சிக்கினால் நாலு பேருக்கும் அந்த வாரம் வேலை கிடையாது. மூன்றாம் முறை சிக்கினால் குழுவையே கலைத்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு அதிகாரி வந்தார். ஊதச் சொல்லும் கருவியோடு திரிந்ததால் எல்லோருக்கும் அவர் மூச்சய்யா.

மூச்சய்யா கெட்டவர் இல்லை. அவர் அப்பா இதே மாதிரி ஒரு பட்டறையில் உழைத்து, கடைசியில் இருமி இருமியே செத்தவர். ஆனால் மனுஷர் வீடு வரைக்கும் வந்தார். மாப்பிள்ளையின் தலையணையை மோந்து பார்த்தார், துணி அலமாரியைத் திறந்தார்.

"அடுத்து படுக்கைக்கு நடுவுல வந்து படுத்துக்குவீங்களா அய்யா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"உன் நுரையீரல் எங்க போகுதோ அங்க நானும் வருவேன்," என்றார் அவர்.

தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது, ஏனென்றால் மாப்பிள்ளை நிஜமாகவே பீடியை விட்டிருந்தான். காலையில் வாசலில் நடந்த சோதனைகளில் எல்லாம் அவனுக்குப் பச்சை விளக்குதான் எரிந்தது.

பிறகு ஒரு சின்ன மாற்றம் வந்தது. வாசலில் ஒவ்வொருவராக ஊதி முடிப்பதற்குள் உலைகள் காத்துக் கிடந்தன. அதனால் சோதனையைச் சாப்பாட்டு இடைவேளையின் கடைசிக்கு நகர்த்தினார்கள். மாப்பிள்ளைக்குச் சிவப்பு எரிந்தது. நாலு பேரும் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்ததும் மறுபடியும் சிவப்பு.

"அண்ணே, அவரு சத்தியமா தொடல. தலைவலின்னு ராத்திரியெல்லாம் சுவத்துல முட்டிக்கிறாரு," என்றாள் தங்கை.

"பீடிய விட்டா தலை வலிக்கத்தான் செய்யும். வலி தாங்காம திருட்டுத்தனமா இழுக்கிறான். உன் கண்ணுல மண்ணைத் தூவுறான், நீயும் கண்ணைத் திறந்துகிட்டு நிக்கிற."

மறுநாள், தண்டனை வாரத்துக்கு முன்னால் அலமாரிச் சாமானை எடுக்கப் போன இடத்தில்தான் அந்த உடைமாற்றும் அறைச் சண்டை. அடித்தது சம்மட்டிக்காரன். மச்சான் கை பட்டால் மாப்பிள்ளைக்கு உறைக்கும் என்று மற்ற இருவரும் அவனையே முன்னால் தள்ளினார்கள். அவனுக்கும் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளை தாடையில் கம்பி கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். தங்கை அண்ணனுக்குக் கதவைத் திறக்கவில்லை. குழு கலையாமலிருக்க வேண்டுமே! தண்டனை வாரம் கழிந்ததும், வேறொரு குழுவிலிருந்து சம்மட்டிக்கு ஆள் வாங்கிக்கொண்டு, உலை வேலை தெரிந்த சம்மட்டிக்காரன் தானே உலையடியில் போய் நின்றான். மதியம் அவன் ஊதினான்.

சிவப்பு.

பிறந்ததிலிருந்து பீடியைக் கையால் தொடாதவன் அவன். பக்கத்தில் ஒருவன் தீக்குச்சி உரசினாலே எழுந்து போய்விடுவான்.

"மூணாவது," என்றார் மூச்சய்யா, நிஜமான வருத்தத்தோடு.

"அடப்பாவி! மாப்பிள்ளைய அடிச்சுப்போட்டு நீ இழுத்தியாடா?" கிடுக்கிக்காரன் கத்தினான்.

அவன் கையில் கிடுக்கி இருந்தது. முதல் வீச்சு சம்மட்டிக்காரனின் முழங்கையில் விழுந்தது, இரண்டாவது தோளில். எண்ணெய்க்காரன் முடியைப் பிடித்து முகத்தைத் தரையில் தேய்த்தான். "நான் இல்லடா, நான் தொடலடா" என்று கத்தக் கத்த அடி விழுந்தது. யார்தான் நம்புவார்கள்? கருவி பொய் சொல்லாது என்று அவனே எத்தனை தடவை சொல்லியிருப்பான்!

தரையோடு தரையாகக் கிடந்தவன் கண்ணில் உலையின் வாய் தெரிந்தது. சுடர் மஞ்சளாக, சோம்பேறியாக, வாய்க்கு வெளியே நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். இதே தலைவலிதானே மாப்பிள்ளைக்கும்?

இரும்பைத் திறந்த காற்றில் காய்ச்சினால் மேலே செதில் செதிலாகப் பொரிந்து வீணாகும். அதைத் தடுக்க உலைக்காரர்கள் காற்றைக் குறைத்துவிடுவார்கள். காற்றுப் போதாத நெருப்பு அரைகுறையாக எரியும், அரைகுறை நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்துக்கு அதன்மேல் அப்படியொரு கள்ளக்காதல்! உயிர்க்காற்றைத் தள்ளிவிட்டு அதைக் கட்டிக்கொள்ளும். பீடிப் புகையிலும் அதுதான் இருக்கிறது. கருவி தேடுவதும் அதைத்தான், பீடியை அல்ல. நல்ல காற்றில் ஒரு இரவு தூங்கினால் பெரும்பாலும் வடிந்துவிடும். காலையில் பச்சை எரிந்தது அதனால்தான். இந்த மழைக்காலத்தில், சூடான அச்சில் சொட்டு விழுந்து வெடிக்கக் கூடாதென்று கூரைச் சன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள்; மற்ற உலைகள் வாசலோரம், இவர்களுடையது காற்றே நுழையாத மூலையில்.

இத்தனையும் சம்மட்டிக்காரனுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் சிவப்பு.

எண்ணெய்க்காரனின் விரலைக் கடித்துப் பிடியை விடுவித்து எழுந்தான். உலைக்குள் செருகியிருந்த கம்பியை உருவினான். முனை ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். அடிபட்ட கையை மூச்சய்யாவின் கழுத்தில் வளைத்து, உலை வாயருகே இழுத்துக்கொண்டு போனான்.

"உங்க மூச்சு சுத்தம்தானே அய்யா? இங்க நில்லுங்க."

"விடு! சட்டை கருகுது! ஐயோ, யாராவது வாங்களேன்!"

கிடுக்கிக்காரன் பாய்ந்தான். கம்பி அவன் தொடையில் ஒரு கோடு இழுத்தது. தசை பொசுங்கும் நாற்றம். அதற்குப் பிறகு யாரும் நெருங்கவில்லை. உலைக்குள் புதிதாகத் தள்ளியிருந்த ஆறிய கட்டை கறுத்து, சிவந்து, மஞ்சளாகும் வரை அவரை அங்கேயே பிடித்துவைத்தான். அவர் உதைத்தார், கெஞ்சினார், பிறகு துவண்டு அவன்மேலேயே வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் கருவியை அவர் வாயில் திணித்தான்.

"ஊதுங்க."

சிவப்பு.

பட்டறையே அந்த விளக்கைப் பார்த்தது. மூச்சய்யா தன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒருநாளும்..." என்று தொடங்கி, முடிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ உலையை அணைக்கச் சொன்னார்கள், யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். சம்மட்டிக்காரன் கம்பியைப் போட்டுவிட்டு நடந்தான். வழி மறிக்க யாருக்கும் துணிச்சலில்லை.

தங்கை கதவைத் திறந்தாள். அண்ணன் முகத்திலிருந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்க வேண்டும்.

"அவன் பிடிக்கல," என்றான். "உலைதான். நானும் ஊதினேன், அந்தாளும் ஊதினான். ரெண்டு பேருக்கும் சிவப்பு."

"இத நான் எப்பவோ சொன்னேனே. என் வாய்ச்சொல்லு உனக்குச் சொல்லா படல, இல்ல?"

மாப்பிள்ளை கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். தாடையைக் கம்பி இறுக்கியிருந்ததால் பேச வழியில்லை. மச்சானை ஒரு கணம் பார்த்தான். பிறகு குத்தினான். பலமில்லாத குத்து, நெஞ்சில் விழுந்தது. மறுபடி குத்தினான். மூன்றாவது, அடிபட்ட முழங்கையில் விழுந்தது. சம்மட்டிக்காரனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை ஓங்கவுமில்லை, நகரவுமில்லை.

"தடுக்க மாட்டேன் அண்ணே," என்றாள் தங்கை.

"தடுக்காத."

தெருமுனையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை அடுத்த குத்துக்குக் கையை மடக்கினான்.