ராமாத்தாளைப் பார்த்தவர்கள்

மேலக்கோட்டை அரண்மனையில் ராஜ்யம் போய்விட்டது, யானை கட்டிய இடத்தில் எருமை நின்றது. திரைச்சீலை மட்டும் போகவில்லை. கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே அழுக்கேறித் தொங்கிய அந்தச் சிவப்புச் சீலையைத் தாண்டி அரண்மனைப் பெண் எவளும் வரக்கூடாது. ஒழுகுகிற கூரையை மாற்ற வக்கில்லை, வீம்பைப் பார் என்று ஊர் சிரித்தது. முகத்துக்கு நேரே சிரிக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

ராமாத்தாள் பனமரத்துப்பட்டிக் குடியானவர் வீட்டுப் பெண். ஏரிக்கரையில் மாடு ஓட்டித் திரிந்தவளை அழகுக்காக மூத்த துரை கட்டிக்கொண்டு வந்தார். "மாடு மேய்ச்சவளுக்கு மருவாதி எங்க தெரியப்போவுது" என்று மாமியார் ஒருநாள் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அரண்மனையில் பிறந்தவர்களையே மிஞ்சினாள். ஆண்பிள்ளைகளின் காதில் தன் குரல்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள். எதுவானாலும் வேலைக்காரி சின்னாயி போய்ச் சொல்லுவாள். மகள் குமுதவல்லிக்கும் அதே பாடந்தான். முக்காடு நழுவினால் தொடையில் கிள்ளு விழும். "அரண்மனைப் பொம்பளை மொகத்தை அந்நிய ஆம்பளை பாத்தா மானம் போச்சு சாமி."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மூத்த துரை செத்துப்போனார். மாமியாரும், ராமாத்தாளைப் பெற்றவர்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. இரண்டு வருஷம் போனது. கொழுந்தனார் தங்கசாமி மெல்ல வாலை ஆட்டினார். குமுதவல்லிக்குப் பதினைந்து வயது. தெற்கே ஒரு கிழட்டு ஜமீன்தாருக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கொடுத்தால், அவருடைய தோப்புகளை இவர் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

"என் புருசனுக்கே மூத்தவனுங்க அந்தாளு. முடியாதுங்க" என்று சின்னாயியிடம் சொல்லி அனுப்பினாள் ராமாத்தாள்.

சட்டப்படி தகப்பனுக்குப் பிறகு தாய்தான் பெண்ணுக்குக் கார்டியன். தங்கசாமி சும்மா இருப்பாரா? தன்னைக் கார்டியனாக்கச் சொல்லி மனுப் போட்டார். அண்ணிக்கும் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தார். அரண்மனைப் பெண் கோர்ட்டுக்கு வரமாட்டாள் என்பதால், வீட்டுக்கே போய் வாக்குமூலம் வாங்கிவரச் சொல்லி, சேலத்து வக்கீல் ஆரோக்கியசாமியைக் கமிஷனராகக் கோர்ட்டு அனுப்பியது.

வக்கீல் நாளைக்கு வருகிறார் என்று உள்ளே சொல்லி அனுப்பினார் தங்கசாமி. வக்கீல் வந்தது இன்றைக்கு.

ராமாத்தாள் அடுப்படியில் துவரம்பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஓர் அந்நியக் குரல் கேட்டது.

"உங்க பேரு என்னம்மா?"

"ராமாத்தாளுங்க."

முறம் கையிலேயே நின்றது. அது தங்கசாமி மனைவி ஆத்தாயியின் குரல்.

"உங்க மகளுக்கு உங்க கொழுந்தனார் கார்டியனா இருக்கறதுக்கு..."

ராமாத்தாள் ஓடினாள். திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆத்தாயி திடுக்கிட்டு எழுந்தாள்.

"நான்தானுங்க ராமாத்தாள்! எனக்குச் சம்மதமில்லீங்க!"

கூடத்தில் தங்கசாமி சிரித்தார். "மனசுல வெச்சுக்காதீங்க வக்கீலய்யா. புத்தி பெசகின வேலைக்காரி ஒருத்தி. அடிக்கடி இப்பிடித்தான், தன்னையே ராணிங்கும்."

இத்தனை வருஷம் கட்டிக் காத்த கௌரவம் இதற்குத்தானா? ராமாத்தாள் சீலையை ஒரே இழுப்பாக ஒதுக்கிவிட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். தலையில் முக்காடு இல்லை, கையில் பருப்புத் தூசி.

ஆண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆரோக்கியசாமி மட்டும் தர்மசங்கடமாகக் கேட்டார். "இவங்க மொகத்தைப் பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அரண்மனைக் கணக்குப்பிள்ளை பொன்னன் கையைக் கட்டிக்கொண்டார். "ராணியம்மா மொகத்தை நாங்க எப்பிடிங்க பாக்க முடியும்?" கல்யாணத்துக்குப் போட்டோகூடப் பிடிக்கவில்லை. சின்னாயியைக் கேட்டார்கள். அவள் குடியிருந்த குடிசை தங்கசாமியின் நிலத்தில் இருந்தது. "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி" என்று தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார் வக்கீல்.

தங்கசாமி தானே உள்ளே போய் அழைத்துவந்தார். 'திரைக்குள்ள இருக்கறவங்கதான் அம்மான்னு சொல்லு. மாத்திச் சொன்னா உங்கம்மாவைத் தெருவுல தள்ளிருவேன்' என்று வருகிற வழியில் மிரட்டியிருந்தார். குமுதவல்லி முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"உங்கம்மா எங்க இருக்காங்க?"

"அம்மா... உள்ளே..." என்று திரைப்பக்கம் கையைத் தூக்கினாள்.

ராமாத்தாளுக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் குமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவே, வெறுந்தலையோடு அம்மா. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி பாய்ந்து வந்து, அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள்.

"பாக்கறாங்கம்மா! மூடிக்குங்கம்மா! ஐயோ, எல்லாரும் பாக்கறாங்கம்மா!"

ஆரோக்கியசாமி பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

முந்தானைக்குள்ளிருந்தே ராமாத்தாள் சொன்னாள். "சம்மதமில்லீங்க."

வக்கீல் கிளம்பும் முன்பே தங்கசாமி கத்தினார். "மொகங்காட்டுன பொம்பளைக்கு இந்த ஊட்டுல எடமில்லை!" ராமாத்தாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு தலைவாசல் வழியாக இறங்கினாள். அந்த வாசற்படியில் அவள் கால் பட்டது கல்யாணத்தன்றைக்கு ஒருமுறைதான்.

சேலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். குமுதவல்லி தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

"ஏம்மா வெளிய வந்தீங்க? இனி எல்லாரும் உங்களைப் பாப்பாங்களே."

கிள்ளிக் கிள்ளி இதைச் சொல்லிக்கொடுத்தது தான்தானே என்று ராமாத்தாளுக்குப் பட்டது. முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். எதிர் சீட்டுக்காரர் பார்த்தார், கண்டக்டர் பார்த்தார்.

"பாக்கட்டும் சாமி" என்றாள். "முந்தியே இப்பிடி நாலு பேரு பாத்திருந்தா, இன்னிக்கு என்னை ராமாத்தாள்னு சொல்ல ஒரு ஆளாச்சும் இருந்திருக்கும்."