காலோடு வந்த இரண்டு கற்கள்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வீடு கழுவி முடித்த கையோடு, தனலெட்சுமியின் புருஷன் சின்னராசா குளியலறை வாசலில் வழுக்கி, மலையடிவாரத்து ஹாலிஎல ரயில் ஸ்டேஷனில் போய் நின்றார். விழவில்லை. துண்டு கட்டியபடி, நின்றவாக்கிலேயே, தேயிலை மலையின் எல்லா வளைவுகளிலும் ஒழுங்காகத் திரும்பிப் போயிருக்கிறார். உடம்பில் கீறல்கூட இல்லை, மானம்தான் போயிற்று. தோட்டத் தொழிலாளர் லயத்துச் சிமெந்துத் தரையில் பிறந்து வளர்ந்த தனலெட்சுமி, புது வீட்டின் ஹோலுக்கும் குசினிக்கும் குளியலறைக்கும் வாசற்படிக்கும் முகம் தெரிகிற மினுக்க டைல்ஸையே போட்டிருந்தாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் அப்படிப் போனார், தோட்டத்துச் சனமும் பழகிக்கொண்டது. ஆனால் மகள் நிரஞ்சலா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றதும் தனலெட்சுமி தரையை மாற்றிவிடக் கிளம்பினாள்.

பதுளையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஸாஹிர் பொறுமையாகத்தான் சொன்னார். “தண்ணி படுற குளியலறைக்கு நல்லா சொரசொரப்பானது போடுங்க. மழையடிக்கிற படிக்கு அதவிட சொரசொரப்பு. குசினிக்கு நடுத்தரம். ஹோல் காஞ்சு கிடந்தா மினுக்கமே போதும்.”

“ஒரே வீட்டுக்குள்ள நாலு தரையாங்க?” என்றாள் தனலெட்சுமி. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததில் எது எங்கே என்பதே அவளுக்குக் குழம்பிப்போனது. கடைசியில், இருப்பதிலேயே சொரசொரப்பானதை வீடு முழுக்கப் போட்டாள். புதுத் தரை விருந்தாளிகளைக் காலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருக்கவைத்தது. அதை அவள் தன் தேத்தண்ணியின் ருசி என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

வலி கண்டபோது நிரஞ்சலா ஹோலின் நடுவில் நின்றிருந்தாள். தரை அவள் பாதங்களை விடவேயில்லை. வாசலில் வேன் நிற்கிறது. எண்ணெய் விட்டார்கள், சவர்க்காரம் கரைத்து ஊற்றினார்கள்.

“கால் வர மாட்டேங்குதும்மா!”

“வழுக்காம புடிச்சா போதும்னுதானே வாங்குனேன், அதுக்காக இப்புடியா புடிக்கணும்!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் தனலெட்சுமி. தரையைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். சின்னராசா இரும்பு அலவாங்கை எடுத்து, பாதங்களுக்குக் கீழிருந்த இரண்டு டைல்ஸ் கற்களை மட்டும் நெம்பிப் பெயர்த்து, அவற்றோடேயே மகளைத் தூக்கி வேனில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் தாதி, “அதக் கழட்டிட்டு வாங்க” என்றாள். கழற்ற முடியாது என்றதும் அப்படியே படுக்கவைத்தாள். பெண் குழந்தை. அது முதல் தடவை வீரிட்டு அழுததும் இரண்டு கற்களும் தாமாகக் கழன்று விழுந்தன. துப்புரவு வேலை பார்க்கும் ஜெமீலா அவற்றைக் கழுவி, வார்டுக் குளியலறையின் ஈர வாசலில் பதித்துவிட்டார். பிள்ளை பெற்ற பெண்கள் இப்போதும் அவற்றில் கால் ஊன்றித்தான் உள்ளே போகிறார்கள். அடுத்த அடி வைக்கும்வரை அவை காலைப் பிடித்திருந்து, பிறகு விட்டுவிடுகின்றன.