மழையில் ஓர் ஓட்டை

கிரான்வில் துறைமுகத்தில் மூன்று நாளாக வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அக்டோபரில் இப்படியொரு அநியாயத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் மழையில் ஊறிக் கிடக்கிற ஊர் என்று கேள்விப்பட்டு, பாரிஸிலிருந்து லாரி லாரியாகச் சாமான்களோடு வந்து இறங்கிய சினிமாக்காரர்கள், ஓட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் தீயணைப்புப் படையிடம் போய் மழை கேட்டார்கள். மீன் சந்தையில் அன்று முழுக்க இதே பேச்சு, இதே சிரிப்பு.

"நம்ம ஊர்ல மழைக்கு ஆள் வைக்கறாங்களாம்டி! அடுத்து நம்மகிட்ட வந்து மீன் நாத்தம் இருக்கான்னு கேப்பாங்க, பாரு" என்றாள் பக்கத்துக் கடை பெர்த் அக்கா.

ஒடேத் சிரித்துக்கொண்டே சிப்பியைக் கத்தியால் பிளந்தாள். அந்தப் படத்தில் யாருமே பேசமாட்டார்களாம். உப்பை எடு என்பதைக்கூடப் பாட்டாகத்தான் பாடுவார்களாம். அது தெரிந்த நாளிலிருந்து சந்தையில் விலை சொல்வதும் பேரம் பேசுவதும் ராகத்தோடுதான் நடந்தது. கானாங்கெளுத்தி கிலோ என்ன விலை என்று ஒருத்தி இழுத்தால், வாங்கினால் வாங்கு வாங்காவிட்டால் போ என்று பெர்த் அக்கா உச்சஸ்தாயியில் முடித்து வைப்பாள். ஆனால் படத்தின் கதை வெளியே கசிந்த பிறகு ஒடேத்துக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. ஒரு பையன் அல்ஜீரியச் சண்டைக்குப் போகிறான். காத்திருப்பேன் என்று சொன்ன பெண், வசதியான வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அட, இது நம்ம ரேமோன் கதையில்ல!

ரேமோன் ஒடேத்தின் புருஷன். கூரைக்குக் கற்பலகை பதிக்கிற வேலை, அதோடு ஊர்த் தீயணைப்புப் படையிலும் ஆள். அவன் இருபத்தேழு மாதம் அல்ஜீரியாவில் கிடந்தபோது இங்கே லிலியான் மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, கடைக்கு மேலேயே மாடியில் குடியேறிவிட்டாள். திரும்பி வந்தவன் ஒரு வருஷம் ஊரில் உள்ள கூரைகளையெல்லாம் மாற்றினான், யாரோடும் பேசாமல். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்து, இரண்டு டஜன் சிப்பி வாங்கி, "உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று ஒடேத்திடம் சொன்னான். கேட்டது அவ்வளவுதான். அவளும் கையில் கத்தியோடு, சரி என்று சொல்லிவிட்டாள். நல்ல மனுஷன்தான். அடிக்கமாட்டான், குடித்துவிட்டு விழமாட்டான், சம்பளத்தை அப்படியே மேசைமேல் வைப்பான். ஆனால் லிலியான் காத்திருந்தால் தன்னை அவன் ஏறெடுத்துப் பார்த்திருப்பானா என்ற கேள்வி இரண்டு வருஷமாக ஒடேத்தின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதை அவனிடம் கேட்கவும் முடியவில்லை. கேட்டு, அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டால்?

இந்த நேரம் பார்த்துத்தான் சினிமாப் பெண் ஒருத்தி கையில் காகிதத்தோடு சந்தைக்குள் வந்து, கூட்டத்தில் நடிக்க ஆள் பொறுக்கினாள். சதுக்கத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொள்ளும், ஜனங்கள் கூடையும் கையுமாக ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒடேத்தைப் பார்த்தாள், நீ என்றாள். பட்டியலில் மருந்துக்கடை லிலியானும் இருக்கிறாள் என்று அரைமணி நேரத்தில் தகவல் வந்து சேர்ந்தது. ஏணி உச்சியில் குழாய் பிடிக்கப் போவது ரேமோன் என்பது அதற்கு முன்பே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாளைக்கு யார் தலையில் மழை பெய்யும் என்று காப்பிக்கடையில் பந்தயமே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒடேத் ஒரு காரியம் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக முடி அலங்காரக் கடைக்குப் போய், இரண்டு மணி நேரம் தலைக்குமேல் கவிழ்க்கிற சூட்டு இயந்திரத்துக்குள் தலையைக் கொடுத்து வெந்து, அலை அலையாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மதியம் ரேமோன் சாப்பிட வந்தான். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். அவன் சூப்பைக் குடித்து முடித்து, ரொட்டியால் தட்டைத் துடைத்து, எழுந்தான்.

"வெண்ணெய் தீர்ந்துபோச்சு" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"தீர்ந்துபோச்சாம், வெண்ணெய்!" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள் ஒடேத். அழுகை வந்தது. அழுதால் முகம் வீங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சதுக்கத்தில் ஈ நுழைய இடமில்லை. கடவுள் இரக்கப்பட்டு வெயிலை மட்டும் மறைத்திருந்தார், மழை கொடுக்கவில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி தேவாலயத்துக்குப் போட்டியாக நின்றது. உச்சியில் ரேமோன், இடுப்பில் கயிறு கட்டி, பித்தளைக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. போகாதே என்கிறாள் அவள், வந்துவிடுவேன் என்கிறான் அவன். சந்தைப் பெண்கள் கேலியை மறந்து மூக்கை உறிஞ்சினார்கள். சினிமாப் பெண் ஓடுகிறவர்களை இருவர் இருவராக நிறுத்திக்கொண்டே வந்து, ஒடேத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள், யாரை? லிலியானை. வேடிக்கை பார்த்த கூட்டம் மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டது.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் லிலியான்.

"இருக்கேன். நீங்க?"

லிலியான் இன்னும் அழகாகத்தான் இருந்தாள், பாழாய்ப் போனவள். இயக்குநர் கையை இறக்கினார். ஏணி உச்சியிலிருந்து தண்ணீர் வானத்துக்குப் பாய்ந்து, சிதறி, நிஜ மழையாகவே சதுக்கத்தில் கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். ஒடேத் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஓடி, எதிர்ச்சாரிக் கடை வாசலில் ஒதுங்கி மூச்சு வாங்கினாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இயக்குநர் கத்தினார். "ஓட்டை இருக்கு! மழையில ஓட்டை இருக்கு!"

யாருக்கும் புரியவில்லை. அவர் ஓடிவந்து இரண்டு பெண்களையும் சுட்டிக்காட்டினார். மற்றவர்கள் எல்லோரும் தொப்பலாக நின்றார்கள். ஒடேத்தின் கோட்டில் ஒரு சொட்டு இல்லை. லிலியான் ஒரு பக்கம் நனைந்து, ஒடேத்தை ஒட்டி ஓடிய பக்கம் காய்ந்து நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு பரவியது. பார்த்தியா, இன்னும் மறக்கல அவன். பழைய காதலி நனையக் கூடாதாம், குறி தப்பி ஓட்டை இவமேல விழுந்திருக்கு. பாவம், இந்த ஒடேத். லிலியானின் முகம் காதுவரை சிவந்தது. கேட்க பயந்த கேள்விக்குப் பதில் ஊர் முன்னால், இத்தனை பேர் சாட்சியாக வந்துவிட்டதே என்று ஒடேத் நினைத்தாள். கூடையை வீசிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா?

"அவங்களை அந்தக் கோடிக்கு மாத்துங்க" என்றார் இயக்குநர். லிலியானை நீரூற்றுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இருவருக்கும் இடையில் முழுச் சதுக்கம்.

மறுபடி பாட்டு, மறுபடி மழை. ஒடேத்துக்கு இப்போது ஓடவே மனசில்லை. நடந்தாள். நடந்துகொண்டே நீரூற்றுப் பக்கம் பார்த்தாள். அங்கே லிலியான் நனைந்த கோழியாக, கண்ணைத் திறக்க முடியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஒடேத் நின்றுவிட்டாள். தன்னைச் சுற்றிப் பார்த்தாள். இடப்பக்கம் கொட்டுகிறது. வலப்பக்கம் கொட்டுகிறது. தான் நிற்கிற இடத்தில், ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, கல் காய்ந்து கிடக்கிறது.

இடப்பக்கம் இரண்டடி வைத்தாள். மேசை அகல வறட்சியும் இரண்டடி வந்தது. நின்றாள், அதுவும் நின்றது. சட்டென்று திரும்பி வந்த வழியே ஓடினாள். மேலே ஏணி கிரீச்சிட்டது, குழாய் தடுமாறியது, ஆனால் ஓட்டை அவளைவிட்டுப் பிரியவில்லை. ஒடேத் வட்டமடித்தாள். ஒற்றைக் காலில் குதித்தாள். இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்த சிரிப்பெல்லாம் அவள் வாயிலிருந்து புறப்பட்டு வந்தது. காப்பிக்கடைக்காரன் பந்தயத்தில் தோற்றவன்போல முதலில் விழித்தான், பிறகு கைதட்டினான், அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். பாட்டில் அந்தப் பெண் மட்டும் போகாதே போகாதே என்று அழுதுகொண்டிருந்தாள், கேட்பார் இல்லாமல்.

"டேய் ரேமோன்!" தீயணைப்புக் கேப்டன் கீழேயிருந்து அலறினார். "என்னடா பண்றே அங்க? ஒழுங்கா ஊத்தத் தெரியாதா?"

தண்ணீர் நின்றது. ரேமோன் குனிந்து பார்த்தான். அவன் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை, அதனால் சதுக்கமே காது கொடுத்தது.

"தலை, கேப்டன்!"

"என்ன தலை? யார் தலை?"

"ஒடேத் தலை! இன்னிக்குத்தான் சுருட்டிட்டு வந்திருக்கா! அழகா இருக்கு! எப்படி நனைக்கறது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. "அதை வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதா, மரமண்டை!" என்று பெர்த் அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். நிறையப் பேருக்கு அன்று பாட்டுப் படம் மறந்துபோனது. லிலியான் சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். உதடு நடுங்கியது, ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது.

"என் தலையை அவன் ஒருநாள்கூடப் பார்த்ததில்லடி" என்றாள். "சத்தியமா. நான் மொட்டையடிச்சிட்டு வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது." தன் நனைந்த கைக்குட்டையைப் பிழிந்தாள். "நீ குடுத்துவச்சவ."

"வா, முதல்ல துவட்டிக்கோ" என்று ஒடேத் தன் காய்ந்த சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

இயக்குநர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். வெளிச்சம் போகிறது, இன்னும் ஒரே ஒரு தடவைதான், சதுக்கத்தில் காய்ந்த தலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன் என்றார். கேப்டன் மேலே பார்த்து விரலை ஆட்டினார். ரேமோன் குழாயைப் பிடித்தபடி சும்மா நின்றான். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் ஓடத் தயாரானார்கள், ஒடேத்தைத் தவிர. அவள் கூடையைக் கீழே வைத்தாள். சதுக்கத்தின் நட்டநடுவில் போய் நின்று, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி முடியை அவிழ்த்து உதறினாள்.

"ரேமோன்! என்மேல ஊத்து!"

"நனைஞ்சிடுவே!"

"நனையணும்! நல்லா ஊத்து!"

அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். அத்தனை உயரத்திலும் அவன் பல் தெரிந்தது. பிறகு குழாயை உயர்த்தினான். தண்ணீர் சீறிக்கொண்டு மேலே போனது, தேவாலயக் கோபுரத்தைத் தாண்டி, சாம்பல் வானத்தில் வளைந்து, உடைந்து, இறங்க ஆரம்பித்தது. கீழே ஒடேத் இரண்டு கைகளையும் விரித்து, வாயைத் திறந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துளி இன்னும் அவளை எட்டவில்லை.