அட்டைப்படத்துப் பெண்

பகலில் அவர் பல்செட் செய்பவர். மாலையானால் அதே மெழுகையும் அதே சின்னக் கத்தியையும் வைத்துக்கொண்டு பழைய படக்கதை வீரர்களை ஒரு சாண் உயரத்தில் வடிப்பார். தெருவில் அவருக்குப் பெயர் ‘பல்லு’. அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

மருந்துக்கடை வைத்திருக்கும் பெண் ஒருநாள் பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றோடு வந்தாள். அட்டையில் ‘சாம்பல் கழுகு’ என்ற முகமூடி வீரன் கூரையிலிருந்து பாய்ந்துகொண்டிருந்தான். கீழே, தூணில் கட்டப்பட்ட ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா வரைஞ்சது. இந்தப் பொண்ணுக்கு அம்மாதான் மாடல். அம்மாவுக்குப் பிறந்தநாள் வருது. கழுகு வேண்டாம், இவ மட்டும் போதும்.”

பல்லு மனசு வைத்துச் செய்தார். நெற்றியில் சுருண்ட முடி, புள்ளி போட்ட கவுன், எல்லாம் அட்டையில் இருந்தபடியே. கயிற்றைத் தையல் நூலில் முறுக்கி, மெழுகு தடவி, தூணோடு சேர்த்து ஒட்டினார். முகத்தைவிட அந்தக் கயிறுதான் அவருக்குப் பெருமை. தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த அம்மா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முகம் அச்சு அசல் நான்தான்.” பிறகு நகத்தால் கயிற்றை நெம்பினார். “இது கழலாதா?”

“கழலாதும்மா. கெட்டியா ஒட்டியிருக்கேன்.”

“அவரும் அப்படித்தான் கட்டுவாரு.”

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். “அப்பா நிஜமாவே கட்டுவாராம்மா?”

“பின்னே? கயிறு எங்க இறுகுது, எங்க மடியுதுன்னு பார்த்து வரையணும்ல. அடுப்புல பால் பொங்குற சத்தம் கேக்கும். ‘அசையாதே, இன்னும் கொஞ்ச நேரம்’பாரு. கை மரத்துப் போயிடும். ஒரு மாசம் தூண், ஒரு மாசம் நாற்காலி, ஒரு மாசம் தண்டவாளம்னு ரெண்டு பலகை.”

“ஏம்மா சொல்லவே இல்ல?”

“என்னத்தைச் சொல்ல? நல்ல மனுஷன். அந்தப் படம்தானே நமக்குச் சோறு போட்டுது. கோபமெல்லாம் இல்லடி. ஒரே ஒரு தடவை, அவளே கட்டை அவுத்துக்கிட்டு எழுந்து போற மாதிரி வரைங்களேன்னு கேட்டேன். சிரிச்சாரு. அப்புறம் கழுகுக்கு என்ன வேலைன்னாரு.”

பல்லுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “கை எப்படி இருக்கணும்னு சொல்லுங்கம்மா. மாத்தித் தரேன்.”

அந்த அம்மா எழுந்து, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றார். இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். “சண்டைக்காரி மாதிரி இருக்கு.” கைகட்டி நின்றார். “இது ஸ்கூல் டீச்சர்.” மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று விதமாக நின்றுபார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“தெரியலியே தம்பி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

பல்லு பொம்மையைத் திரும்ப எடுத்துப் போனார். தூணை அறுத்து எடுத்தார். கயிற்றைப் பிரித்ததும் மணிக்கட்டில் ஆழமாகத் தடம் தெரிந்தது. அதை நிரப்பித் தேய்த்து, புதிதாக வண்ணம் பூசினார். கைகளைத் தோளோடு வெட்டி, தோளிலும் முழங்கையிலும் உருண்டை மூட்டு வைத்தார். அலறும் வாயை மூட மட்டும் அவருக்குக் கை வரவில்லை. லேசாகச் செதுக்கினார். இப்போது ஏதோ பேச ஆரம்பிப்பதுபோல் இருந்தது.

“எப்படி வேணும்னாலும் வெச்சுக்கலாம்மா,” என்று நீட்டினார்.

அந்த அம்மா ஒரு கையை மெல்ல உயர்த்தினார். இன்னொன்றை அப்படியே தொங்கவிட்டார்.

மருந்துக்கடைச் சுவரில் அதே அட்டைப்படத்தின் இன்னொரு பிரதி பல வருடமாகக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று மகளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பல்லுவிடம் பொம்மை வாங்குபவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தொடக்கூட மாட்டார்கள். தேய்ந்துபோய்த் திரும்பி வந்த பொம்மையை அவர் பார்த்ததே இல்லை. மழைக்காலம் முடிந்தபோது அந்த அம்மா தனியாகவே வந்தார். கைப்பையிலிருந்து பொம்மையை எடுத்தார். இரண்டு தோள் மூட்டும் லொடலொடவென்று ஆடின.

“அதுக்குள்ள தேஞ்சு போச்சா! அப்படி என்னம்மா பண்றீங்க இதை வெச்சு?”

“என்னென்னமோ,” என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. “சரிபண்ணிக் குடுங்க தம்பி, இருந்து வாங்கிட்டே போறேன்.”