முழுக்கைச் சட்டை

தொழிற்சாலைக்குள் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் பெஞ்சில் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆணி ஏறிய பாதம் கணுக்கால்வரை வீங்கிப் பளபளத்தது. கட்டுத்துணியில் சீழ் கசிந்தது. பக்கத்தில், வேலைக்கு நடுவே ஓடிவந்த அம்மா. முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை பூட்டியிருந்தாள். அவள்மேல் மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை.

மண்ணில் வாழும் ஒரு கிருமியைத் தொட்டிகளில் வளர்த்து, அதிலிருந்து புது மருந்து ஒன்றை எடுத்தார்கள் அங்கே. வடிகட்டும் துணியில் படிகிற சக்கையைச் சுரண்டுவது அம்மாவின் வேலை. வேலைக் கோட்டுகளை அங்கேயே துவைப்பதை நிறுத்தியதிலிருந்து வீட்டில் மகள்தான் துவைத்தாள். போன வாரம் துவைக்கும்போது அவளுக்கு உதடு தடித்து, தொண்டை இறுகி, மூச்சு விசிலடித்தது. அம்மாவுக்கும் கையெல்லாம் தடிப்பு. "வெளிய மூச்சு விட்றாத" என்று மட்டும் சொன்னாள். மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பென்று தெரிந்தால் அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள்.

தலைவலி மாத்திரைக்கு வந்திருந்தாள், அம்மாவோடு சக்கை சுரண்டும் ஒருத்தி. "ஏண்டி, நீ ஆணிய மிதிச்சியா, ஆணி உன்ன மிதிச்சுதா?"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவள் போனதும் அம்மாவின் காதருகே குனிந்தாள். "அந்த மருந்தையே போட்டா என்னம்மா பண்றது?"

"அதையா போடப் போறாங்க? வேற எவ்வளவோ இருக்கு. சும்மா இரு கண்ணு."

நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். "இதுக்குப் பழைய மருந்தெல்லாம் கேக்காது. நம்ம புது மருந்துதான்." ஊசியில் ஏற்றினாள். "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா.

மகள் அம்மாவைப் பார்த்தாள். சொன்னால் அம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த விசில். நர்ஸ் பஞ்சால் துடைத்த இடம் சில்லென்றது. மகள் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி தோலைத் தொடுமுன் அம்மா நர்ஸின் கையைப் பிடித்தாள். "போடாதீங்க. அவளுக்கு மூச்சு நின்னுரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா பொத்தான்களைக் கழற்றி, சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டாள். வெடித்த தோலில் நீர் கோத்திருந்தது.

நர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துட்டு நான் சொல்லாம இருந்தா என் வேலை போயிரும்மா. தப்பா நெனைக்காதீங்க." போனை எடுத்தாள்.

சூப்பர்வைசர் வந்து அம்மாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார். "உன் நல்லதுக்குத்தாம்மா."

"சரிங்க. புள்ளைக்கு வேற மருந்து ஏதாச்சும்..."

"இங்க வேலை செய்றவங்க வீட்டாளுங்களுக்குத்தானே பாக்கறோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

நர்ஸ் தலையைத் தூக்காமல் பழைய துணியையே சுற்றிக் கட்டிவிட்டாள்.

மகளைத் தோளில் சாய்த்து அம்மா வாசல்வரை நடத்திவந்தாள். வாட்ச்மேன் குறுக்கே கம்பை நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு பொட்டு மருந்தும் வெளியே போகக் கூடாது. பையைக் கவிழ்த்துத் தட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்தார். பிறகு மகளின் பாதத்தைப் பார்த்தார்.

"அந்தக் கட்டையும் அவுத்துக் காட்டிருங்க."

மகள் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா தரையில் உட்கார்ந்து, சீழில் ஒட்டிப்போன துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள்.