இன்னைக்கு நீ கூட்டிட்டு வந்துடு

வங்கியின் நான்காவது மாடியில், டாலர் வாங்கி விற்கும் அறையில், அவனுக்கு ஊமை என்று பெயர். பேச வேண்டியதைப் பேசுவான். ஆனால் கையில் பத்துக் கோடி டாலருக்கு ஆர்டர் இருக்கிறதா, இல்லை சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தத் தொழிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எண்ணெய் இறக்குமதி செய்யும் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மாதம் இரண்டு மூன்று தடவை மொத்தமாக டாலர் தேவைப்படும். வாங்கிக் கொடுப்பவன் ஊமை. இவ்வளவு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டால் காரியம் கெட்டது. இருக்கிற வெங்காயம் முழுக்க எனக்குத்தான் என்று ஒருவன் வண்டியோடு வந்து நின்றால், கடைக்காரர் பழைய விலையா சொல்வார்? அதனால் பத்துப் பத்து லட்சமாக, ஏதோ சில்லறைத் தேவைக்கு வாங்குகிறவன் போல, காதும் காதும் வைத்தமாதிரி வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் கடைசியில் விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைக் குறைப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

அவன் மனைவிக்கும் அதே வேலைதான். மூன்று தெரு தள்ளி வேறொரு வங்கியில். ஒன்றாகப் பயிற்சி எடுத்த காலத்திலிருந்து இருவரும் நீ, வா, போதான். அதில் மாமியாருக்கு மட்டும் வருத்தம். கல்யாணமான அன்றே இருவரும் ஒரு முடிவு செய்தார்கள்: வீட்டில் வேலைப் பேச்சு கூடாது. ஒன்பது வருஷமாக அதை மீறவும் இல்லை. சமையல், துணி, மகளின் வீட்டுப்பாடம் எல்லாவற்றிலும் பங்கு பிரித்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிவந்து பக்கத்து வீட்டில் விடுவது அவன் பங்கு.

கடந்த இரண்டு மாதமாக ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஆர்டர் வந்து, அவன் முதல் பத்து லட்சத்தை வாங்குவதற்குள் விலை கிளம்பிவிடும். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம். நாலாவது தடவை எண்ணெய்க் கம்பெனிக்காரரே போன் செய்து கத்தினார். பிரிவுத் தலைவர் ஊமையை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட வாய விட்டேன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பேரு வேணும். பேரு வரலைன்னா இந்தக் கம்பெனி வேலை உன்கிட்ட இருக்காது" என்றார்.

தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருந்தது அவனுக்கு. ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லையே! அந்த நாலு நாட்களையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஆர்டர் வந்தது, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தான், தண்ணீர் குடித்தான். பெரிய ஆர்டரை முடிக்காமல் இருக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாது என்பதால், பிறகு மனைவிக்கு ஒரு போன்: "இன்னைக்கு நீ கூட்டிட்டு வந்துடு." அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியில் வந்து நின்றான். மற்ற எந்த நாளிலும் அவன் அப்படிச் சொன்னதில்லை. அவனிடம் வரும் பெரிய ஆர்டர் எல்லாமே வாங்குவதற்கு என்பதும் அவளுக்குத் தெரியும். இதற்குமேல் அவளுக்கு யார் என்ன சொல்ல வேண்டும்?

இருக்காது என்று இரண்டு நாள் தன்னையே சமாதானம் செய்து பார்த்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், கையில் ஆர்டர் எதுவும் இல்லாத நேரத்தில், போனை எடுத்து அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னான். சரி என்று வைத்துவிட்டாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் விலை ஏறத் தொடங்கியது. பத்து லட்சத்தை விற்பதற்குப் போட்டான்; போட்ட கையோடு போயிற்று. வாங்கியது யார் என்று திரையில் வந்தது. அவள் வங்கி. இன்னொரு பத்து லட்சம் போட்டான். அதுவும் அவள் வங்கிதான்.

அவள் மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் வரும் அவனிடம் ஏற்றி விற்கக் காத்திருந்தாள். வரவேண்டியவனோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டரை மணிக்கு விலை ஆடியது. மூன்று மணிக்கு இறங்கியது. அவள் மாட்டிக்கொண்டதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்தே போயிற்று.

மூன்று முப்பத்தைந்துக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பாப்பாவைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை என்றாள் வாசல் காவலுக்கு இருக்கும் பெண்.

ஓடினான். வாசலுக்கு அவன் போய்ச் சேரும்போதே மறுபக்கத்திலிருந்து மனைவியும் வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"உனக்கு ஆர்டரே வரலை, இல்ல?"

"வரலை."

"ரெண்டு கோடி வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மகள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அம்மா வர்ற நாள்ல எப்பவும் நான்தான்பா கடைசி. எனக்குப் பழகிடுச்சு. இந்த அக்காவுக்கு என் பாட்டெல்லாம் மனப்பாடம்."

மனைவி குனிந்து மகளின் ஷூ நாடாவைக் கட்டினாள். வாங்கியதை விற்றுத் தீர்க்கும் வரை, இல்லை சந்தை மூடும் வரை, அவளால் இருக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாது என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். நாலு தடவையும் அவனுக்கு விற்று முடிக்கும் வரை குழந்தை இந்த பெஞ்சில் இருந்திருக்கிறது. இன்றைக்கு உட்காரவைத்தது யார்? அவனுக்குத் தன்மேல்தான் வெறுப்பாக இருந்தது.

"என் பேரச் சொல்லப் போறியா?" என்று கேட்டாள். அவன் மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வங்கிக்குத் திரும்பினான்.

தலைவரிடம், "நான்தான் சார் வாய விட்டேன்" என்றான். யாரிடம் என்று தலைவர் ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார், மேஜையைத் தட்டியும் கேட்டார். அன்று அவன் பெயருக்கு ஏற்றபடி இருந்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவ, அவன் துடைத்து அடுக்கினான். வேலைப் பேச்சு கூடாது என்ற முடிவை அன்றும் இருவரும் மீறவில்லை. கடைசித் தட்டை வைத்துவிட்டு அவன் சொன்னான்:

"இனிமே பாப்பாவ நானே கூட்டிட்டு வரேன்."

அவள் குழாயை மூடினாள். "தினமுமா?"

"தினமும்."

ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சொல்லும் ஒரு வரியிலிருந்து மிச்சத்தைக் கணக்குப் போட அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.